கணக்கு நம்ம கைக்கு வரட்டும்

2024 ஆகஸ்ட் முதல் வாரம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு தம்பி வீடு தேடி வந்தார். ஆம்பூர் பக்கத்துச் சேரிக்காரர். சொந்தமாகச் செருப்புப் பட்டறை வைத்திருக்கிறார். ஏழு பேருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர். கையில் ஒரு மஞ்சப்பை. பின்னாலேயே அவர் துணைவியார், வாசப்படியைத் தாண்டாமல் நின்றார்.

"அண்ணா, ஒம்பது லட்சத்துச் சொச்சம் வரி கட்டச் சொல்லி வந்துகீது. வூட்டுப் பட்டாவ வச்சுட்டுப் பணம் வாங்கிக் கட்டிடலாம்னு இருக்கேன். ஆளு ரெடியா இருக்காரு. நூத்துக்கு அஞ்சு வட்டி."

"கேட்டுட்டு வைய்யின்னு நாந்தான் இழுத்தாந்தேன்" என்றார் அந்த அம்மா. பட்டா அவர் பேரில் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மூன்று சென்ட் மனை. அவருடைய மாமியார் தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கியது.

பையைப் பிரித்தோம். பிரவுசிங் சென்டரில் எடுத்த காகிதங்கள் ஒரு கட்டு. பாதியை அவர் படிக்கவே இல்லை. படிக்கத் தெரியாமல் இல்லை, பன்னிரண்டாவது படித்தவர்தான். பயம். "பாத்தா வவுறு கலங்குதுண்ணா, அதான் உள்ளயே வச்சுட்டேன்" என்றார்.

இந்தத் தலையங்கம் அந்த மஞ்சப்பையைப் பற்றித்தான்.

நாம் நிலத்தைப் பற்றி எழுதியிருக்கிறோம். கூலியைப் பற்றி எழுதியிருக்கிறோம். டீக்கடைக் கிளாசைப் பற்றி, சுடுகாட்டுப் பாதையைப் பற்றி, கோயில் நுழைவைப் பற்றி எழுதியிருக்கிறோம். நம்மில் ஒருவன் அடிமை வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகக் கடையோ பட்டறையோ போட்டு உட்கார்ந்தால், அவன் 'தப்பிச்சுட்டான்' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மாநாடு வந்தால் அவனிடம்தான் முதலில் நன்கொடைக்குப் போகிறோம். அவனுக்கு நம் ரசீதைக் கிழித்துக் கொடுக்கிறோம். அவனுடைய ரசீதுப் புத்தகம் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தத் தம்பியிடமும் இரண்டு முறை நன்கொடை வாங்கியவர்கள்தான் நாங்கள்.

அவர் எப்படிக் கடனாளி ஆனார்? குடித்தாரா, சூதாடினாரா? இல்லை. மாதம் ஆயிரம் ஜோடி செருப்பு தைத்தார். ஜோடி நானூறு ரூபாய். மாதம் நாலு லட்சத்துக்கு வியாபாரம். உள்ளூர்க் கடை ஒன்று, பெங்களூர்க் கடை ஒன்று, இரண்டும்தான் பெரிய வாடிக்கை. பொருள் விற்பவருக்கு வருட வியாபாரம் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று 2019 ஏப்ரலில் இருந்து ஒரு வரம்பு உண்டு. இவர் அதைத் தாண்டிவிட்டார். தாண்டாவிட்டாலும் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புகிறவர் பதிவு செய்தே ஆகவேண்டும். ஒன்றரைக் கோடிக்குள் வியாபாரம் செய்கிற உற்பத்தியாளர் ஒரு சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க 'காம்போசிஷன்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதிலும் வெளிமாநில விற்பனை கூடாது. வரி போட்டு பில் கொடுக்கவும் கூடாது. கடைக்காரனோ, 'வரி பில் இருந்தாத்தான் சரக்கு எடுப்பேன், எனக்குக் கழிவு வேணும்' என்கிறான். ஆக, தம்பிக்கு வேறு வழியில்லை. முழுவரிப் பாதையில்தான் போகவேண்டியிருந்தது.

இங்கேதான் கண்ணி இருக்கிறது. ஜிஎஸ்டியில் பணம் வந்த பிறகு வரி கட்டுவது கிடையாது. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி வரி கட்டியாக வேண்டும். கடைக்காரன் நாலு மாதம் கழித்துத்தான் காசு தருவான். அவன் தராத காசுக்கு இவன் வரி கட்டவேண்டும். சனிக்கிழமை ஆனால் ஏழு பேர் கூலிக்கு நிற்பார்கள். அதில் தையல் மிஷினில் உட்காருகிற இரண்டு பெண்களுக்குப் புருஷன் கிடையாது. இருக்கிற காசை ஆபீசுக்குக் கட்டுவதா, அந்தப் பெண்கள் கையில் கொடுப்பதா? தம்பி கூலியைக் கொடுத்தார். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஒரு மாதம் தவறியது, அடுத்த மாதமும் தவறியது. 'மொத்தமா கட்டிக்கலாம்' என்று நினைத்தார். 2023 ஏப்ரலில் தொடங்கி 2024 மே வரை பதினாலு மாதம் ரிட்டர்ன் போடவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட செருப்புக்கு 5 சதவீதமாக இருந்த வரியை 2022 ஜனவரி 1 முதல் 12 ஆக்கினார்கள். கூலிக்காரன் காலில் போடுகிற செருப்புக்கு! கடைக்காரன் விலையைக் கூட்டிக் கொடுத்தானா? 'அதே நானூறுக்கு முடிச்சுக்கோ, இல்லேன்னா வேற ஆளு இருக்கான்' என்றான். ஏறிய வரியில் பாதி தம்பியின் லாபத்திலிருந்து போயிற்று. அதற்கு முன்னால், 2019 செப்டம்பரில், சலுகைகள் வேண்டாம் என்கிற கம்பெனிகளுக்கு வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது இதே அரசுதான். மேலே இருப்பவனுக்கு இறங்கியது, கீழே இருப்பவனுக்கு ஏறியது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான செருப்புக்கு மறுபடி 5 சதவீதம் என்று ஆக்கியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் நடுவில் இருந்த ஆண்டுகளின் பாக்கிக்கு அந்தப் 12தான் கணக்கு. குறைத்ததால் பழைய பாக்கி குறையாது.

அம்பேத்கர் 1927இல் பம்பாய் சட்டமன்றத்துக்குள் போனதும் பட்ஜெட் மீது பேசியபோது நிலவரியைத்தான் பிடித்துக்கொண்டார். வருமான வரிக்கு ஒரு வரம்பு இருக்கிறது, அதற்குக் கீழே சம்பாதிப்பவனை விட்டுவிடுகிறார்கள். நிலவரிக்கோ அப்படி வரம்பே இல்லை, ஜாகிர்தாரும் துண்டு நிலத்துக்காரனும் ஒரே கணக்கில் கட்டவேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம். வரி என்பது நம்ம ஆளுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று அவர் நினைக்கவில்லை. பொருளாதாரம் படித்த மனிதர், மாகாண நிதியைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். படிப்பு முடித்து பம்பாய் வந்த புதிதில் பங்கு முதலீடு செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கியவர் அவர். ஆள் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கைக்காரர்கள் வரவில்லை, தொழிலை மூடவேண்டியதாயிற்று. நம்முடைய கடை எப்படி மூடுகிறது என்பது அவருக்குத் தெரியும்.

சரி, ஒன்பது லட்சத்துக்கு வருவோம்.

பையில் இருந்தது மாதத்துக்கு ஒன்றாகப் பதினாலு உத்தரவு. எல்லாம் ஜூலை முதல் வாரம் போட்டது. ரிட்டர்ன் போடாதவனுக்கு அதிகாரி தன் கைக்குத் தோன்றிய கணக்கைப் போட்டு வரி விதிக்கலாம் என்று சட்டத்தில் 62ஆவது பிரிவு இருக்கிறது. அதன்படி மாதத்துக்கு ஐம்பதாயிரம் வீதம் ஏழு லட்சம் வரி, மேலே வட்டி, அபராதம். இது போக, பதிவையே ரத்து செய்து ஜூனில் ஓர் உத்தரவு.

அதிகாரி போட்ட கணக்கில் ஒரு பாதிதான் இருந்தது. தம்பி விற்றதற்கு வரி போட்டார்கள். அவர் வாங்கியதற்கு ஏற்கெனவே கட்டிய வரி அதில் இல்லை. ரிட்டர்ன் போட்டால்தானே கழிவு கிடைக்கும்? உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாதம் நாலு லட்சம் விற்பனைக்கு 12 சதவீதம் 48 ஆயிரம். தோல் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு வாங்கியிருக்கிறார், அதற்கு 12 சதவீதம் 19,200. சோல், பசை, மற்றது அறுபதாயிரத்துக்கு 18 சதவீதம் 10,800. இரண்டும் சேர்த்து முப்பதாயிரம் கழிவு. கட்டவேண்டியது மாதம் 18 ஆயிரம்தான். பதினாலு மாதத்துக்கு 2 லட்சத்து 52 ஆயிரம்.

தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய். ஆனால் வருடத்துக்கு ஒன்றரைக் கோடிக்குள் வியாபாரம் செய்கிறவருக்கு ஒரு ரிட்டர்னுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் போகாது என்று 2021இலேயே வரம்பு கட்டியிருக்கிறார்கள். பதினாலு ரிட்டர்னுக்கு 28 ஆயிரம். வட்டி வருடத்துக்கு 18 சதவீதம். ஒவ்வொரு மாதத்துக்கும் எத்தனை நாள் தாமதமோ அதற்குத்தான். கூட்டினால் 33 ஆயிரத்துச் சொச்சம்.

ஆக மொத்தம் 3 லட்சத்து 13 ஆயிரம்.

ஒன்பது லட்சம் எங்கே, மூன்றே கால் லட்சம் எங்கே? இதை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. யாரும் சலுகை காட்டவில்லை. சட்டத்தில் இருக்கிறபடி அவர் உண்மையில் கட்டவேண்டியது அவ்வளவுதான். இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாததால், மாமியார் நடந்து வாங்கிய மனை ஒரு ராத்திரியில் வட்டிக்காரன் பீரோவுக்குப் போக இருந்தது. அரசாங்க வட்டி வருடத்துக்கு 18. நூத்துக்கு அஞ்சு என்கிறவன் கேட்பது வருடத்துக்கு 60. சின்னப் பள்ளத்துக்குப் பயந்து கிணற்றில் குதிக்கிற கதை இது. நம்ம ஜனங்கள் ஊர் ஊராக இப்படித்தான் குதிக்கிறார்கள்.

62ஆவது பிரிவிலேயே இன்னொரு வரி இருக்கிறது. அந்த உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் உண்மையான ரிட்டர்னைப் போட்டுப் பணத்தைக் கட்டிவிட்டால் உத்தரவு தானாக ரத்தானதாகக் கருதப்படும். முன்பு 30 நாளாக இருந்ததை 2023 அக்டோபரில் இருந்து 60 ஆக்கினார்கள். அதையும் தவறவிட்டால் கூடுதல் தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. பதிவு ரத்தான உத்தரவுக்கு 90 நாளுக்குள் மறுபடி உயிர்ப்பிக்க மனு போடலாம். அதற்கு முன் பாக்கி ரிட்டர்ன் எல்லாம் போட்டிருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தோம். கையில் ஒரு மாதம் இருந்தது.

அந்த ஒரு மாதம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதல் வேலை, பூட்டைத் திறக்கிற சாவியைத் தேடியது. ஜிஎஸ்டி இணையதளத்தில் பதிவாகியிருந்த செல்பேசி எண் தம்பியுடையது இல்லை, பில் போட்டுக் கொடுத்துவந்தவருடையது. நோட்டீஸ் வந்த செய்தி எல்லாம் அந்த எண்ணுக்கே போயிருக்கிறது. மாதக் கூலி பாக்கி விழுந்ததும் அவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவரைத் திட்டி என்ன பயன்? பழைய கூலியில் கொஞ்சம் கொடுத்து, எண்ணைத் தம்பி பேருக்கு மாற்றினோம். தோழர்களே, உங்கள் தொழிலுக்கு உங்கள் எண்தான் இருக்கவேண்டும். அடுத்தவன் செல்போனில் உன் வியாபாரம் இருந்தால் அது உன் வியாபாரம் இல்லை.

இரண்டாவது வேலை, பில். தம்பி ஒரு காரியம் உருப்படியாகச் செய்திருந்தார். தோல் மண்டியில் வாங்கின ஒவ்வொரு பில்லையும் ஓர் ஆணியில் குத்தி வைத்திருந்தார். அந்த ஆணிதான் அவரைக் காப்பாற்றியது. சரக்கு கொடுத்தவன் தன் கணக்கில் அந்தப் பில்லை ஏற்றியிருக்கிறானா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அவன் ஏற்றாவிட்டால் நமக்குக் கழிவு கிடையாது. இன்னொரு கெடுவும் இருக்கிறது. ஒரு நிதியாண்டின் கழிவை அடுத்து வரும் நவம்பர் 30க்குள் எடுக்காவிட்டால் அது போயே போச்சு. இன்னும் நாலு மாதம் பையைப் பிரிக்காமல் வைத்திருந்தால், முதல் பன்னிரண்டு மாதக் கழிவு 3 லட்சத்து 60 ஆயிரமும் அரசாங்கத்துக்கே. அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் முடியாது. மூன்று ஆண்டு கடந்த ரிட்டர்னைப் போடவே முடியாது என்றும் சட்டம் வந்துவிட்டது.

மூன்றாவது வேலை, பணம். முந்தின மாத ரிட்டர்ன் போடாமல் அடுத்த மாதத்தது போட முடியாது. ஒவ்வொரு மாதத்துக்கும் பணம் கட்டினால்தான் அந்தப் படிவம் போகும். ஆகவே மொத்தமாகச் சேரட்டும் என்று காத்திராமல், பழையதிலிருந்து ஒன்றொன்றாகக் கட்டிக்கொண்டு வந்தோம். பணம் எங்கிருந்து வந்தது? கடைக்காரர்கள் வைத்திருந்த பாக்கி ஞாபகம் இருக்கிறதா? பெங்களூர்க் கடை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். உள்ளூர்க் கடை ஒரு லட்சத்து எண்பதாயிரம். தம்பி 2021இல் கடன் வாங்குவதற்காக 'உத்யம்' பதிவு செய்து வைத்திருந்தார். அந்தத் தாளுக்கு வேறு ஒரு பலமும் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தவன் எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் காசு கொடுக்கவேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பாக்கியை வசூலித்துத் தர மாநில அரசு அமைத்த மன்றமும் இருக்கிறது. அது மட்டுமில்லை. அப்படிக் கெடு தாண்டி வைத்திருக்கிற பாக்கியைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்துவிட்டது. இதையெல்லாம் எழுதி இரண்டு கடைக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம்.

பெங்களூர்க்காரர் இரண்டு தவணையில் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் அனுப்பினார். உள்ளூர்க்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். "உனக்குச் சட்டம் சொல்லிக்குடுத்தது யாருடா?" என்று கேட்டார். சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒரு பைசாவும் தரவில்லை. இதை மறைக்காமல் எழுதவேண்டும். கணக்குக் கேட்டால் நம் ஆளுக்கு வாடிக்கை போகும். அதே கடைக்காரனிடம் அவன் சாதிக்காரன் ஒருவன் கேட்டிருந்தால் 'அடுத்த வாரம் தர்றேன் மாப்ள' என்று சொல்லியிருப்பான். நமக்கு 'டா'. சந்தையில் சாதி இல்லை என்கிறவர்கள் ஒரு பாக்கி வசூலுக்கு நம்மோடு வரட்டும்.

மீதிக்கு, அந்த அம்மாவின் மகளிர் குழுவில் அறுபதாயிரம். கூட்டுறவு வங்கியில் தாலிச்சரடு தவிர இருந்த நகைக்கு எழுபதாயிரம். நாங்கள் சிலர் கைமாற்றாகச் சேர்த்தது முப்பத்து மூவாயிரம். கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது கடைசி ரிட்டர்ன் போயிற்று. அந்தப் பதினாலு உத்தரவும் செல்லாததாயிற்று. அதே கையோடு பதிவை உயிர்ப்பிக்க மனு போட்டார், பதிவு திரும்பி வந்தது. பட்டா வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் பட்டறையில் இப்போது நாலு பேர்தான். மூன்று பேருக்கு வேலை போனது போனதுதான்.

எல்லோருக்கும் இப்படி நாள் மிச்சம் இருக்காது. கெடு தாண்டியவர்கள் என்ன செய்வது?

நோட்டீஸ் வேறு, உத்தரவு வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் என்றால் கேள்வி. பதில் எழுத நாள் இருக்கிறது. நேரில் கேளுங்கள் என்று எழுதிக் கேட்கலாம். பதிலே போடாமல் இருந்தால்தான் ஒருதலையாக உத்தரவு வரும். உத்தரவு வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். தக்க காரணம் சொன்னால் இன்னும் ஒரு மாதம். தகராறு உள்ள வரியில் பத்து சதவீதம் கட்டினால் மீதியை வசூலிக்க முடியாது. விட்டுவிட்டால் வங்கிக் கணக்கை முடக்கலாம், நமக்குக் காசு தரவேண்டியவனிடமே நேராக வாங்கிக்கொள்ளலாம், சொத்தை ஜப்தி செய்யலாம். எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது.

பாக்கி நியாயமானதுதான், ஒரே தடவையில் கட்ட முடியவில்லை என்றால் தவணை கேட்டு மனு போடலாம். அதிகபட்சம் 24 மாதத் தவணை. இருபத்தையாயிரத்துக்குக் குறைந்த தொகைக்குக் கிடையாது. நாமே ரிட்டர்னில் ஒத்துக்கொண்ட வரிக்கும் கிடையாது, உத்தரவின் மேல் வந்த பாக்கிக்குத்தான். ஒரு தவணை தவறினால் மொத்தமும் உடனே கட்டவேண்டும். ஆகவே வாயில் வந்த தொகையைச் சொல்லி வாங்காதீர்கள். மழைக்காலத்தில் எவ்வளவு ஓடும், பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் எவ்வளவு ஓடும் என்று பார்த்துக் கேளுங்கள்.

மேல்முறையீட்டு நாளும் போய்விட்டதா? நோட்டீஸை இணையதளத்தில் மட்டும் ஏற்றிவிட்டுக் கடைக்காரருக்குத் தெரியாமலே உத்தரவு போட்ட பல வழக்குகளில், பத்து சதவீதம் கட்டச் சொல்லி, மறுபடி விசாரிக்கும்படி சென்னை உயர்நீதிமன்றம் திருப்பி அனுப்பியிருக்கிறது. பதிவு ரத்தான சிறு வியாபாரிகள் பலர் சேர்ந்து போட்ட வழக்கில் 2022 ஜனவரியில் அதே நீதிமன்றம், வரியும் வட்டியும் கட்டணமும் கட்டினால் பதிவைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. இவர்களை வரி வளையத்துக்கு வெளியே நிறுத்தி வைப்பதில் யாருக்கும் லாபமில்லை என்பது அதன் சாரம். வக்கீலுக்குக் காசு? 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி கேட்க உரிமை உண்டு. வருமான வரம்பு பார்க்கக் கூடாது. கோர்ட் வளாகத்திலேயே அந்த ஆபீஸ் இருக்கிறது. எத்தனை பேர் படியேறியிருக்கிறோம்?

இன்னொரு கொடுமையையும் இங்கேயே பேசிவிடுவோம். பேர் கொடுக்கிற கொடுமை. ஒதுக்கீட்டில் ஏஜென்சி, கான்ட்ராக்ட், பெட்ரோல் பங்க் நம் ஆள் பேருக்கு வரும். கல்லாவில் ஊர்க்காரன் உட்காருவான். நம் ஆளுக்கு மாதம் ஐயாயிரமோ பத்தாயிரமோ, பண்டிகைக்கு வேட்டி. வரி பாக்கி விழும்போது மட்டும் அது நம் ஆள் பேரிலேயே விழும். பான் கார்டு அவனுடையது, கையெழுத்து அவனுடையது. இதைவிட மோசம், ஆதாரும் பான் கார்டும் லோன் வாங்கித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு, அந்தப் பேரில் போலிக் கம்பெனி பதிவு செய்து கள்ள பில் ஓட்டுகிறார்கள். கூலிக்குப் போகிற பெண் பேரில் கோடிக்கணக்கில் நோட்டீஸ் வந்த செய்திகளைப் பேப்பரில் படிக்கிறோம். அப்படி வந்தால் பதறிப்போய் ஒளியக் கூடாது. அன்றைக்கே போலீசில் புகார், வரி அலுவலகத்துக்கு எழுத்தில் பதில், இரண்டுக்கும் ரசீது. நம்மிடம் நிலம் இல்லை, பணம் இல்லை, பேர் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் வாடகைக்கு விடாதீர்கள்.

சில தோழர்கள் கேட்பார்கள். 'இந்த அரசாங்கத்துக்கு நாம ஏன் வரி கட்டணும்? சேரிக்கு ரோடு போட்டானா, தண்ணி விட்டானா?' கேள்வி நியாயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஜிஎஸ்டி நாம் சம்பாதித்த காசு இல்லை. செருப்பு வாங்கினவனிடம் வாங்கி, அரசாங்கத்திடம் சேர்க்கவேண்டிய காசு. அதைக் கட்டாமல் விடுவது போராட்டம் ஆகாது. அது நம் கழுத்துக்கு நாமே போட்டுக்கொள்கிற சுருக்கு. வரியின் அநியாயத்தை எதிர்த்துத் தெருவில் நிற்போம், சட்டமன்றத்தில் பேச வைப்போம். அந்தச் சண்டைக்குக் கணக்குச் சுத்தமாக இருக்கிறவன்தான் முன்னால் நிற்க முடியும். பாக்கி வைத்திருப்பவன் வாயைத் திறந்தால் மறுநாள் கடைக்கு ஜீப் வரும். இது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

நமக்குக் கணக்கு தெரியாமல் போனது தற்செயல் இல்லை. ஊரில் கணக்குப்பிள்ளை வேலை யாரிடம் இருந்தது? நம் தாத்தா கைநாட்டு வைத்த பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்குத் தெரியும்? பண்ணையாள் பட்ட கடன் மூன்று தலைமுறைக்குத் தீராமல் போனது, கணக்கு நோட்டு ஆண்டை வீட்டில் இருந்ததால். வியாபாரச் சாதிக்காரன் வீட்டில் பத்து வயசுப் பையன் பேரேடு எழுதுகிறான். சித்தப்பா ஆடிட்டர், மாமன் வக்கீல். நோட்டீஸ் வந்தால் சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்துவிடுகிறார்கள். நம் ஆளுக்கு மஞ்சப்பைதான் இருக்கிறது.

அந்த மாமனாக இனி நாம் இருக்கவேண்டும் என்பதுதான் இந்த இதழ் வைக்கிற கோரிக்கை. சேரிக்குச் சேரி பி.காம். முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டம் பெற்ற வணிகவியல் மாணவர் ஜிஎஸ்டி பிராக்டீஷனராகப் பதிவு செய்து, தேர்வு எழுதி, அடுத்தவருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அது பிழைப்பு, நம் கடைக்காரருக்கு அது பாதுகாப்பு. மாதம் ஒருநாள், 10ஆம் தேதி வாக்கில், அம்பேத்கர் படிப்பகத்தில் விளக்கைப் போட்டு உட்காருங்கள். பட்டறைக்காரர், டெய்லர், பழைய இரும்புக் கடைக்காரர், பிளம்பிங் கான்ட்ராக்டர் யாராக இருந்தாலும் அந்த மாத பில்லை எடுத்துக்கொண்டு வரட்டும். வீட்டுப் பெண்களும் வரட்டும். நகையையும் பட்டாவையும் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள், கணக்கும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 20ஆம் தேதிக்குள் போடவேண்டியதை அங்கேயே போட்டு முடித்துவிடுங்கள். காசு இல்லாவிட்டாலும் எவ்வளவு பாக்கி என்ற எண்ணை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். எண் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

நன்கொடை ரசீதோடு கடைக்குப் போகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை போகும்போது, கேட்பதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள்: "அண்ணே, போன மாச ரிட்டர்ன் போட்டாச்சா? ஏதாவது கடிதம் வந்து பிரிக்காம இருக்கா?" இருக்கிறது என்றால் நன்கொடையை விடுங்கள். பையைப் பிரிக்கச் சொல்லிக் கூடவே உட்காருங்கள்.

– ஆசிரியர் குழு